நூறு ரூபாய்க்கு ஒரு பொய்ச் சாட்சி



"5 ஸ்டார் ரிவ்யூ ஒன்றுக்கு 100 ரூபா. ரீலோட்டாகவும் எடுக்கலாம், காசாகவும் எடுக்கலாம். போட்டுவிட்டு ஸ்கிரீன்சொட் அனுப்பவும்."

கொஞ்ச நாளாக நம் பக்கத்து வட்ஸ்அப் குழுமங்களில் இந்த அறிவித்தல் வேறு வேறு நம்பர்களில் இருந்து சுற்றிக்கொண்டிருக்கிறது. அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், அக்கரைப்பற்று என்று ஊர் வித்தியாசம் இல்லை. அதற்குக் கீழே "நான் ரெடி", "எனக்கும் லிங்க் அனுப்புங்க" என்று எழுதியிருப்பவர்களில் பாதிப்பேர் நான் படிப்பித்த பிள்ளைகள். மீதிப்பேர் இப்போது படிப்பிக்கிற பிள்ளைகள்.

ஒரு குழுமத்தில் "இது பிழை" என்று இரண்டே சொல் எழுதினேன். பதில் மழையாக வந்தது. "சேர், இது மார்க்கெட்டிங்." "ஆருக்கும் நட்டமில்லத்தானே சேர்." ஒரு வியாபாரச் சகோதரர் தனியாக எழுதினார்: "உங்களுக்கு மாசம் முடிஞ்சா சம்பளம் வரும் சேர். எங்கட கஷ்டம் உங்களுக்கு விளங்காது."

இந்த மூன்றுக்கும் குழுமத்தில் பதில் சொல்லி முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். பொறுமை உள்ளவர்கள் வாசியுங்கள். கோபம் உள்ளவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

முதலில் "மார்க்கெட்டிங்" என்ற சொல்லை எடுப்போம். கடைக்காரர் ஒருவர் தன் கடை வாசலில் "கிழக்கிலேயே சிறந்த புரியாணி" என்று போர்டு போட்டால் அதை யாரும் குற்றம் சொல்வதில்லை. போர்டைப் போட்டவர் யார் என்பது தெரியும். அவர் தன் சாமானைப் புகழ்கிறார், நாம் அதைப் பாதி கழித்துத்தான் காதில் போடுகிறோம். ரிவ்யூ அப்படியல்ல. அதைப் பேசுகிறவர் விற்கிறவர் அல்ல, நம்மைப்போல் வாங்கிய ஒருவர் என்ற நம்பிக்கைதான் அதன் பெறுமதி முழுவதும். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் ஐந்து நட்சத்திரம் வெறும் ஐந்து பொட்டு. ஆகவே காசு வாங்கிக்கொண்டு, வாங்காத சாமானை வாங்கினேன் என்றும், பாவிக்காத சாமானைப் பாவித்தேன் என்றும் எழுதுவது விளம்பரம் அல்ல. அது சாட்சி. பொய்ச் சாட்சி.

நமக்குப் பழக்கமான ஓர் உதாரணம் சொல்கிறேன். நம் ஊர்களில் ஒரு பெண் பிள்ளைக்குப் பேச்சு வந்தால் வாப்பாவோ மாமாவோ போய் மாப்பிள்ளையை விசாரிப்பார்கள். பையன் இருக்கிற வட்டாரத்துக்குப் போய், தேத்தண்ணிக் கடையில் இருந்து, பள்ளிவாசலில் இரண்டு வக்து தொழுது, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச்சுக் கொடுத்து, "இந்தத் தம்பி எப்படி?" என்று மெல்லக் கேட்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் தங்கள் பிள்ளையை என்னவும் புகழலாம், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கணக்கில் எடுப்பது அந்தத் தேத்தண்ணிக் கடைக்காரரின் சொல்லைத்தான். இப்போது யோசியுங்கள். மாப்பிள்ளை வீட்டார் முதல் நாளே வந்து அந்தக் கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், பள்ளி முஅத்தின் எல்லாருக்கும் ஆளுக்கு 100 ரூபா கொடுத்துவிட்டுப் போயிருந்தால்? பையன் போதைக்கு அடிமை என்று தெரிந்தும், அல்லது பையனையே தெரியாமலும், "தங்கமான பிள்ளை" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னால்? அந்தப் பெண்ணின் வாப்பாவிடம் போய் "இது மார்க்கெட்டிங்" என்று சொல்ல நம்மில் யாருக்காவது முகம் இருக்குமா?

ஒன்லைனில் சாமான் வாங்குகிறவர் அந்த வாப்பாவின் நிலையில்தான் இருக்கிறார். துணியைத் தொட்டுப் பார்க்க முடியாது. பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுப் பார்க்க முடியாது. பார்சல் வந்தாலும் கூரியர் தம்பியின் கையில் காசைக் கொடுத்த பிறகுதான் திறக்கலாம். அவருக்கு இருக்கிற ஒரே கண் மற்றவர்களின் சொல். அந்தக் கண்ணைத்தான் 100 ரூபாய்க்குக் குத்துகிறோம்.

இது புதுப் பிரச்சினை என்று நினைப்பவர்களுக்காக ஒரு பழைய சொல்: நஜ்ஷ். வாங்கும் எண்ணம் இல்லாத ஒருவன், விற்கிறவனுக்காக நடுவில் நின்று விலையை ஏற்றிவிடுவது. நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. கரைவலை இழுத்து மீன் கரைக்கு வந்ததும் ஏலம் கூறுகிற இடத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மீன் வாங்க வராத ஒருத்தன் கூட்டத்தில் நின்று ஆயிரம் ஆயிரமாக ஏற்றிவிடுவான். கடைசியில் கூடின விலைக்கு எடுத்துக்கொண்டு போகிறவன் சைக்கிளில் மீன் விற்கிற ஏழை. கூட்டத்தில் நின்றவனுக்கு மாலையில் ஒரு கறிக்கு மீன் கிடைக்கும். அந்த ஒரு கறி மீனுக்கும் இந்த 100 ரூபா ரீலோட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை.

இதைவிட நெருக்கமான சம்பவமும் உண்டு. ஒரு மனிதர் சந்தையில் சாமானைப் பரப்பி வைத்து, "இதற்கு இவ்வளவு விலை கேட்டார்கள்" என்று நடக்காத ஒன்றைச் சத்தியம் செய்து சொன்னார். ஆல இம்றான் அத்தியாயத்தின் 77ஆம் வசனம் அதையொட்டி இறங்கியது என்று அப்துல்லாஹ் இப்னு அபீ அவ்ஃபா (ரழி) அறிவிப்பதும் புகாரியில் இருக்கிறது. வேறு ஆள் சொன்னதாக ஒரு பொய்யைச் சொல்லிச் சாமானை விற்பது. பெயர்தான் இன்று மாறியிருக்கிறது.

"சேர், அந்தக் கடைச் சாமான் உண்மையிலேயே நல்லம். நான் நல்லம் என்றுதானே எழுதினேன்?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி, வகுப்பில் கேட்டிருந்தால் பாராட்டியிருப்பேன். இதற்குப் பதில் முனாஃபிகூன் அத்தியாயத்தின் முதல் வசனத்தில் இருக்கிறது, எடுத்து ஓதிப் பாருங்கள். நயவஞ்சகர்கள் வந்து சொன்ன விசயம் உண்மையானது, "நீங்கள் அல்லாஹ்வின் தூதர்" என்பதுதான் அது. அதை விட உண்மை ஏது? ஆனால் சாட்சி சொன்ன அவர்கள் பொய்யர்கள் என்று அல்லாஹ்வே சாட்சி சொல்கிறான். சொன்ன செய்தி உண்மையாக இருந்தாலும், சொன்னவனிடம் அந்தச் சாட்சி இல்லாவிட்டால் அது பொய்ச் சாட்சிதான். நீங்கள் அந்தக் கடைப் படியே ஏறவில்லை. "குடும்பத்துடன் போனோம், சாப்பாடு பிரமாதம்" என்று எழுதினீர்கள். சாப்பாடு பிரமாதமாக இருக்கலாம். நீங்கள் போகவில்லை, குடும்பமும் போகவில்லை.

சரி, "ஆருக்கும் நட்டமில்லை" என்பதற்கு வருகிறேன். இதில்தான் எனக்குக் கோபம் அதிகம்.

முகத்தை வெள்ளையாக்கும் கிரீம் ஒன்று. எங்கே செய்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று டப்பாவில் ஒரு எழுத்துக்கூட இல்லை. பேஸ்புக் பேஜில் மட்டும் நூற்றுக்கணக்கான கொமண்ட். "ஒரு கிழமையில் வித்தியாசம் தெரிந்தது ராத்தா", "என் தங்கச்சிக்கும் எடுத்துக் கொடுத்தேன்". கலியாணத்துக்கு இரண்டு மாதம் இருந்த ஒரு பிள்ளை இதை நம்பி வாங்கிப் பூசி, முகம் எரிந்து சிவந்து, கடைசியில் தோல் வைத்தியரிடம் போக வேண்டி வந்தது. அந்தக் கொமண்டுகளில் சிலவற்றைப் போட்டது என்னிடம் படிக்கிற ஒரு பையன். ஆண் பிள்ளை. மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. பெண் பெயரில் மூன்று கணக்கு வைத்திருந்தான். அதைச் சிரித்துக்கொண்டு தன் கூட்டாளிகளிடம் சொன்னது என் காதுக்கு வந்தது. கூப்பிட்டுக் கேட்டேன். "சேர், அது சும்மா கொமண்ட்தானே" என்றான்.

சும்மா அல்ல மகன். தோலை வெள்ளையாக்கும் கிரீம்களில் பாதரசம் கலப்பது உலகம் முழுவதும் உள்ள பிரச்சினை. அது சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எத்தனையோ முறை எச்சரித்துவிட்டது. இலங்கையிலும் அப்படிப்பட்ட கிரீம்கள் பிடிபட்டிருக்கின்றன. அந்தப் பிள்ளை பூசிய டப்பாவில் பாதரசம் இருந்ததா என்று யாரும் சோதிக்கவில்லை, அதனால் நான் இருந்தது என்று சொல்லவில்லை. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு சாமானை இன்னொரு பெண்ணின் முகத்தில் பூச வைத்தது உன்னுடைய விரல். அதற்கு உனக்குக் கிடைத்தது 300 ரூபா.

சீனி வருத்தத்தை மூன்று மாதத்தில் அடியோடு மாற்றும் தூள், மூட்டு வலிக்கு எண்ணெய், பிள்ளைப் பாக்கியத்துக்கு லேகியம் என்று இந்தப் பட்டியல் நீளும். கிளினிக் குளிசையை நிறுத்திவிட்டுத் தூளைக் குடிக்கிற வயது போன வாப்பாமார் எத்தனை பேர் நம் வீடுகளில் இருக்கிறார்கள் என்று உங்கள் உம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் விளம்பரத்தைப் பார்த்து நம்பவில்லை. "எனக்குச் சுகமாகிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்" என்று யாரோ எழுதியதைப் பார்த்து நம்பினார்கள். பொய்க்கு மேல் அல்ஹம்துலில்லாஹ்வை ஒட்டுகிற துணிச்சல் எங்கிருந்து வருகிறதோ.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. வீட்டில் இருந்து கேக் செய்து விற்கிற ஒரு சகோதரி, பேஜ் தொடங்கி இரண்டு வருடம், ஓடருக்கு ஓடர் சம்பாதித்த நல்ல பெயர். ஒரே இரவில் பதினொரு பேர் வந்து ஒற்றை நட்சத்திரம். "பழுதான முட்டை வாசம்." "பிள்ளைக்கு வயிற்றோட்டம்." பதினொருவரில் ஒருவர்கூட அவரிடம் கேக் வாங்கியவர் அல்ல. அந்த மாதம் ஓடர் பாதியாகக் குறைந்தது. காசு கொடுத்தால் புகழ எழுதுகிறவன், காசு கொடுத்தால் இகழவும் எழுதுவான். இரண்டும் ஒரே தொழில்.

இதை நம் ஊர்ப் பொடியன்கள் மட்டும்தான் செய்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. பெரிய பெரிய கொம்பனிகள் செய்து பிடிபட்டிருக்கின்றன. தாய்வானில் சம்சுங் நிறுவனம் ஆட்களுக்கும் மாணவர்களுக்கும் காசு கொடுத்து, போட்டிக் கொம்பனியான எச்.ரி.சி. போன்களை இணையத்தில் தாழ்த்தி எழுத வைத்தது என்று 2013இல் அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழு 10 மில்லியன் தாய்வான் டொலர் தண்டம் விதித்தது. மாணவர்கள் என்ற சொல்லைக் கவனியுங்கள். அங்கேயும் முதலில் விலைக்கு எடுபட்டது படிக்கிற பிள்ளைகள்தான். அமெரிக்காவில் சண்டே ரைலி என்ற அழகுசாதனக் கொம்பனியில் முதலாளியே வேலையாட்களுக்கு, போலிக் கணக்குகள் திறந்து எங்கள் கிரீமுக்கு ஐந்து நட்சத்திரம் போடுங்கள் என்று எழுத்தில் உத்தரவு கொடுத்திருந்தது 2019இல் வெளியே வந்தது.

இன்னொன்று நம் சமையலறைக்கே பக்கத்தில் வருகிறது. மீன் ஆணத்துக்குப் போடுகிற கொறுக்காய் நமக்குத் தெரியும். அதே இனத்துப் பழம் ஒன்றின் சாற்றைக் குளிசையாக்கி, உடம்பு மெலியும் மருந்து என்று அமேசனில் விற்றது அமெரிக்காவில் ஒரு கொம்பனி. அதன் சொந்தக்காரர் போலி ரிவ்யூ எழுதிக் கொடுக்கும் ஓர் இணையத்தளத்துக்கு 1,000 டொலர் கொடுத்தார். 5க்கு 4.3 நட்சத்திரமாவது இருந்தால்தான் சாமான் போகும் என்று அவர்களுக்குச் சொல்லியும் இருந்தார். 2019இல் அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழு பிடித்தது. 12.8 மில்லியன் டொலருக்குத் தீர்ப்பு. 50,000 டொலர் கட்டினால் மீதியை நிறுத்தி வைப்பது என்று உடன்பாடு. உம்மாமார் சும்மா போடுகிற கொறுக்காய்க்குக் கூட பொய்ச் சாட்சி வைத்து விலை ஏற்றியிருக்கிறார்கள்.

இத்தாலியில் லெச்சே நகர நீதிமன்றம் 2018இல், ஹோட்டல்களுக்குப் போலி ரிவ்யூ எழுதி விற்ற ஒருவருக்கு ஒன்பது மாதச் சிறைத் தண்டனை கொடுத்தது. இலண்டனில் ஊபா பட்லர் என்பவர் 2017இல் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டிலை உணவகம் என்று பதிவு செய்து, கூட்டாளிகளைக் கொண்டு பொய் ரிவ்யூ போட வைத்து, டிரிப்அட்வைசரில் இலண்டனின் முதலாவது உணவகமாக்கிக் காட்டினார். ஒரு பிளேட் சாப்பாடு விற்காத கடை முதலாம் இடம்! இந்த மனிதர் அதற்கு முன் ரிவ்யூ ஒன்றுக்கு 10 பவுண் வாங்கி எழுதிக்கொண்டிருந்தவர். தொழில் தெரிந்தவர் தொழிலின் வண்டவாளத்தைக் காட்டினார். கூகுள் தன் மெப்பில் 2023ஆம் ஆண்டு மட்டும் அகற்றியதும் தடுத்ததுமான விதிமீறிய ரிவ்யூக்கள் 170 மில்லியனுக்கு மேல். நம் நாட்டுச் சனத்தொகையை ஏழு மடங்காக்கினாலும் அந்தக் கணக்கை எட்டாது.

ஆகவே உலகம் இதைப் பொழுதுபோக்காக எடுக்கவில்லை. அமெரிக்காவில் 2024 ஒக்டோபர் 21 முதல் போலி ரிவ்யூவை எழுதுவது, விற்பது, வாங்குவது எல்லாம் தடை. தெரிந்து செய்தால் ஒரு மீறலுக்குத் தண்டம் 2024இல் 51,744 டொலர் வரை இருந்தது. பிரித்தானியாவில் 2025 ஏப்ரல் 6 முதல் தடை. இந்தியாவில் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்று ஒரு தர நியமம் வந்தது; அது கட்டாயம் இல்லாததால் பல் இல்லாத வாய்தான், இருந்தாலும் வந்தது. நம் நாட்டில் இருப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். பேஸ்புக் பிறப்பதற்கு முந்திய வருடத்துச் சட்டம், அதில் ரிவ்யூ என்ற பேச்சே இல்லை. ஆனால் அதன் 30ஆம் பிரிவு, வியாபாரி ஒருவர் நுகர்வோரை ஏமாற்றும் அல்லது பிழையாக வழிநடத்தும் எந்த நடத்தையிலும் ஈடுபடக்கூடாது என்கிறது. "எந்த நடத்தையிலும்" என்பதற்குள் இது அடங்காது என்று எந்த வியாபாரி வாதாடப் போகிறார்? அதிகாரசபையின் நம்பர் 1977. ஏமாந்தவர்கள் எடுத்துச் சொல்லலாம். எடுத்துச் சொல்லவும் வேண்டும்.

தம்பிமாருக்குத் தனியாக ஒன்று. இந்த 100 ரூபா வாசலால் உள்ளே போனால் அடுத்த அறையில் என்ன இருக்கிறது என்று தெரியுமா? 2024 ஜூனில் நீர்கொழும்பு, மடிவெல, பத்தரமுல்ல ஆகிய இடங்களில் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் 60 இந்தியப் பிரஜைகளைக் கைது செய்தது ஞாபகமா? நூற்றுக்கும் மேல் போன்கள், ஐம்பதுக்கும் மேல் மடிக்கணினிகள். அதற்கு வழிவிட்ட முறைப்பாடு என்ன? சமூக ஊடகத்தில் சின்னச் சின்ன வேலை செய்தால் காசு தருவோம் என்று சொல்லி ஒருவரை வட்ஸ்அப் குழுமத்தில் சேர்த்து, முதலில் கொஞ்சம் காசு கொடுத்து நம்ப வைத்து, பிறகு அவரையே காசு வைப்புச் செய்ய வைத்தது. அதே சூத்திரம்தான். முதல் நாள் மூன்று ரிவ்யூ, 300 ரூபா உண்மையாகவே வரும். மூன்றாம் நாள் "விசேட டாஸ்க்", 5,000 வைத்தால் 7,000. அதுவும் வரும். பிறகு 50,000 வைக்கச் சொல்வார்கள். அது வராது. வெளிநாட்டில் இருக்கிற வாப்பா அனுப்பிய காசையும் உம்மாவின் காப்பையும் இப்படிக் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் இருக்கிற பிள்ளைகள் நம் கரையோரத்தில் இருக்கிறார்கள். பொய் எழுதிக் காசு எடுப்பது சரி என்று ஒருவன் மனதில் ஏற்றுக்கொண்டால், அவனுக்குப் பொய் சொல்லிக் காசு எடுக்க வருகிறவனை அவனால் அடையாளம் காண முடியாமல் போகிறது. இரண்டு பேரும் ஒரே பாசை பேசுகிறார்கள்.

இப்போது என் சம்பளத்தைச் சுட்டிக்காட்டிய வியாபாரச் சகோதரருக்கு.

உங்கள் கஷ்டம் விளங்காமல் இல்லை காக்கா. 2022இல் நாடு விழுந்தபோது கடன் எடுத்துக் கடை போட்டவர்கள் எத்தனை பேர் என்று தெரியும். உயர்தரம் முடித்து, கம்பசும் கிடைக்காமல், கட்டாருக்கும் போகாமல், ஊரிலேயே நின்று உழைப்போம் என்று பேஜ் திறந்த பிள்ளைகளைப் பார்க்கும்போது சந்தோசமாக இருக்கிறது. புதுக் கடை, நட்சத்திரம் பூச்சியம். பக்கத்துக் கடைக்கு 400 ரிவ்யூ, அதில் 300 பொய். நேர்மையாக இருந்தால் கண்ணுக்கே தெரியாமல் போய்விடுவோம் என்ற பயம் நியாயமானது. இதைச் சின்ன விசயமாக நான் எடுக்கவில்லை.

ஆனால் அந்தப் பயத்தை உருவாக்கியது யார்? பொய் ரிவ்யூ போட்ட முதல் கடைக்காரர். இரண்டாம் கடைக்காரர் அவரைப் பார்த்துப் போட்டார். நீங்கள் மூன்றாமவர். உங்களைப் பார்த்து நான்காமவர் போடுவார். நாலு பேரும் காசு செலவழித்த பிறகு எல்லாருக்கும் 4.8 நட்சத்திரம், பழையபடி ஒருவருக்கும் மேல்கை இல்லை. இலாபம் எடுத்தது ரிவ்யூ விற்ற முகவர் மட்டும். அத்தோடு நின்றாலும் பரவாயில்லை. வாங்குகிற சனம் ஒரு நாள் விழித்துக்கொள்ளும், "ஊர்ப் பேஜ் என்றால் எல்லாம் பொய்" என்று சொல்லிவிட்டுக் கொழும்புக் கொம்பனியிடம் வாங்கப் போகும். அந்த நாளில் பொய் போட்டவரும் போடாதவரும் சேர்ந்தே விழுவார்கள். மருதமுனைச் சாரனுக்குத் தலைமுறை தலைமுறையாக ஒரு பெயர் இருக்கிறது. அதை யாரும் நட்சத்திரம் போட்டு உண்டாக்கவில்லை. உடுத்தவர் சொன்னார், கேட்டவர் வாங்கினார். அந்தச் சொல்லைப் பழுதாக்கினால் நெசவுக்காரர் நூலை எவ்வளவு இறுக்கி நெய்தும் பிரயோசனம் இல்லை.

நேர்மையான வழி இல்லாமல் இல்லை. உண்மையாக வாங்கியவரிடம் "ஒரு ரிவ்யூ போட்டுவிடுங்க" என்று கேளுங்கள், அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் எல்லாரிடமும் கேளுங்கள், சிரித்த முகத்தோடு போகிறவரிடம் மட்டும் அல்ல. ஐந்து நட்சத்திரம் போட்டால் ஜூஸ் இலவசம் என்று போர்டு வைக்காதீர்கள். அது ஜூஸ் அல்ல, இலஞ்சம். குறை எழுதியவரைப் புளொக் பண்ணாமல் பதில் எழுதுங்கள். "அன்று டெலிவரி பிந்தியது, உண்மைதான், மன்னிக்கவும்" என்று கடைக்காரர் ஒருவர் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு அந்தக் கடையில் வாங்க வேண்டும் என்று தோன்றுகிறது. உங்களுக்குத் தோன்றாதா?

புதிதாகத் திறக்கிற ஒவ்வொரு ரெஸ்டூரண்டிலும் போய், கெமராவைப் பார்த்துக் கண்ணை மூடி "வேற லெவல்" என்கிற நம் டிக்டொக் தம்பிமாரையும் இதில் விட முடியாது. உழைப்புக்குக் காசு எடுங்கள், வீடியோ எடுப்பதும் ஒரு தொழில்தான். "இந்தச் சாப்பாட்டுக்கு நான் காசு கொடுக்கவில்லை, இந்த வீடியோவுக்குக் கடைக்காரர் காசு தந்தார்" என்று முதல் வரியில் சொல்லுங்கள். சொன்னால் பார்க்கிறவர்கள் குறைவார்கள் என்கிறீர்களா? அப்படியென்றால் அவர்கள் எதை நம்பி இதுவரை பார்த்தார்கள் என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

கடைசியாக நம் எல்லாருக்கும் பொதுவான ஒன்று. பொய் ரிவ்யூ இவ்வளவு சுகமாக ஊர்ந்து திரிவதற்கு இன்னொரு காரணம், உண்மை ரிவ்யூ எழுத ஆள் இல்லாமை. சாப்பாடு பழுதாக இருந்தால் வீட்டில் வந்து பத்துப் பேருக்குச் சொல்வோம், கடைக்காரரிடம் சொல்ல மாட்டோம், எழுதவும் மாட்டோம். அவர் மச்சானின் மச்சான். நாளைக்குப் பள்ளியில் பக்கத்து ஸஃப்பில் நிற்பார். மனம் நோகும். போதாததற்கு "புறம் பேசுவது ஹராம்" என்று ஒரு மேல்பூச்சும் இருக்கிறது. ஆனால் புறம் பேசுவது ஆகுமாகின்ற ஆறு இடங்களை இமாம் நவவி (றஹ்) ரியாளுஸ் ஸாலிஹீனில் சொல்கிறார்களே, அதில் ஒன்று மக்களைத் தீங்கில் இருந்து எச்சரிப்பது. பாத்திமா பின்த் கைஸ் (ரழி) அவர்கள் தன்னைப் பெண் கேட்ட இருவரைப் பற்றிக் கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் ஒருவரின் வறுமையையும் மற்றவரின் கடுமையையும் மறைக்காமல் சொல்லி, வேறொருவரை மணக்கச் சொன்னார்கள். முஸ்லிமில் இருக்கிறது. மாப்பிள்ளை விசாரிப்புக்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டாம். நம்பிக் கேட்டவருக்கு உண்மையைச் சொல்வது கடமை; மனம் நோகுமே என்று மறைப்பது நளினம் அல்ல.

அதற்காக வசை பாடச் சொல்லவில்லை. என்ன வாங்கினீர்கள், எப்போது வாங்கினீர்கள், என்ன குறை, கடைக்காரர் என்ன சொன்னார். நாலு வரி போதும். முதலில் கடைக்காரரிடம் நேரே சொல்லிப் பாருங்கள், அவர் திருத்தினால் அதையும் எழுதுங்கள். உங்கள் சொந்தப் பெயரில் எழுதுங்கள்.

வர்த்தக சங்கங்களில் இருப்பவர்களுக்கும் பள்ளிவாசல் நிருவாகத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தராசு, எடைக்கல் பற்றி ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். ஈர நெல்லை அடியில் போட்டு மேலே காய்ந்த நெல்லைப் பரப்புவது பற்றிக் கேட்டிருக்கிறோம். இதையும் ஒரு குத்பாவில் பெயர் சொல்லிப் பேசச் சொல்லுங்கள், "ரிவ்யூ" என்ற சொல்லைப் பாவித்தே பேசச் சொல்லுங்கள். அரபுச் சொல்லில் மட்டும் சொன்னால் பின் ஸஃப்பில் இருக்கிற பிள்ளை அது வேறு யாருக்கோ என்று நினைத்துக்கொள்ளும்.

எழுதியவர்கள் அழிக்கலாம். கூகுள் மெப்பைத் திறந்து உங்கள் பங்களிப்புகள் இருக்கிற பக்கத்துக்குப் போனால் நீங்கள் இதுவரை போட்ட ரிவ்யூ எல்லாம் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்று புள்ளி, அதைத் தொட்டால் அழிப்பதற்கு இடம் இருக்கும். காசு வாங்கியிருந்தால் அதைத் திருப்பிக் கொடுங்கள். கொடுத்தவரின் நம்பர் இப்போது வேலை செய்யாவிட்டால், அதுவே உங்களுக்கு ஒரு செய்தி. அந்தக் கிரீமுக்குக் கொமண்ட் போட்ட பையன் தன் மூன்று கணக்கையும் என் மேசையில் வைத்தே அழித்தான். மற்றவர்களும் தனியாகச் செய்ய வெட்கமாக இருந்தால் அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வாருங்கள். யார் வந்தார் என்று வெளியே சொல்ல மாட்டேன். தேத்தண்ணி தருவேன், வைஃபை பாஸ்வர்டும் தருவேன்.